மார்பகப் புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பு சிகிச்சை: ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில், மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டு வருபவர்களும் உண்டு. செலவு எவ்வளவு, எந்த மருத்துவமனை, எத்தனை நாள் தங்க வேண்டும் என்றெல்லாம் பேசுவார்கள். மார்பகத்தை எடுத்த பிறகு அந்த இடத்தைச் சீரமைக்க வழி இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. பெண்ணுக்குக் கேட்கக் கூச்சம். கணவருக்கு அது தோன்றுவதில்லை. "உயிர் பிழைத்தால் போதாதா, இந்த வயதில் அழகு எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவதும் நடக்கிறது.

நோய் உறுப்பை எடுத்துக்கொண்டது. எடுக்கப்பட்டதை இயன்ற அளவு சரிசெய்வது அந்தச் சிகிச்சையின் தொடர்ச்சி. செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அந்தச் சகோதரியின் உரிமை. ஆனால் எந்த முடிவானாலும் ஆபரேஷனுக்கு முன்பே பேசப்பட வேண்டும். பிறகு கேட்டால் சில வழிகள் அடைபட்டிருக்கும்.

மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா?

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?" என்று அஞ்சுபவர்கள் உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்கு செய்து பொருத்தியபோது அதில் துர்வாடை ஏற்பட்டது. தங்கத்தில் செய்து பொருத்திக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸயீ நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடை செய்யப்பட்டிருந்தும், இழந்த உறுப்பைச் சீராக்க அனுமதி கிடைத்ததைக் கவனியுங்கள்.

2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நோயாலும் விபத்தாலும் ஏற்பட்ட குறைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை ஆகுமானது என்று தீர்மானித்தது. அகற்றப்பட்ட மார்பகத்தை மீண்டும் உருவாக்குவதையும் அதில் எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டிருக்கிறது. குறையேதும் இல்லாத உடலை அழகுக்காக மாற்றுவது வேறு, இது வேறு.

முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா?

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டால், பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றி ரேடியேஷன் கொடுத்தாலே போதும். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களும் முழு மார்பகத்தையும் எடுத்தவர்களும் ஒரே அளவில் உயிர் வாழ்கிறார்கள் என்பதை, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டியின் அளவு, எண்ணிக்கை, இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

முழுவதும் எடுக்க வேண்டியிருந்தால் மூன்று வழிகள்

1. வெளியே அணியும் செயற்கை மார்பகம். இதற்கு ஆபரேஷன் தேவையில்லை. காயம் ஆறும்வரை பஞ்சு அடைத்த மெல்லியதையும், நன்றாக ஆறிய பின் எடையுள்ள சிலிக்கானால் ஆனதையும் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் எடை இருந்தால் தோளும் முதுகும் சாய்ந்து வலிக்கக்கூடும்; அதையும் இது குறைக்கும்.

2. சிலிக்கான் இம்ப்ளாண்ட். பல நேரங்களில் முதலில் ஒரு பலூன் போன்ற பையைத் தோலுக்கோ தசைக்கோ அடியில் வைத்து, சில வாரங்கள் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிவடையச் செய்வார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பார்கள். இது ஆயுள் முழுதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சுற்றிலும் உருவாகும் தழும்புத் திசு இறுகி வலிக்கலாம், பின்னாளில் மாற்ற வேண்டியும் வரலாம். சில இடங்களில் தாங்கு சவ்வாக விலங்குத் தோலில் செய்த பொருளை வைப்பதுண்டு. அதில் பன்றித் தோலில் செய்ததும் உள்ளது. ஆகவே என்ன பொருள், வேறு மாற்று உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

3. சொந்த உடல் திசு. அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும், அல்லது முதுகுத் தசையை எடுத்து மார்பகமாக அமைப்பார்கள். வயிற்றுத் திசுவை முழுதாகப் பிரித்தெடுத்தால், அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களை மார்புப் பகுதிக் குழாய்களோடு மைக்ராஸ்கோப் உதவியால் இணைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும் ஆபரேஷன் இது. குழாய் அடைத்துக்கொண்டால் திசு பிழைக்காது என்பதால் முதல் சில நாட்கள் அடிக்கடி சோதிப்பார்கள். தேறிவிட்டால் இயல்பான மென்மையோடு நீண்டகாலம் நிலைக்கும். வயிற்றிலும் ஒரு தழும்பு இருக்கும், சில மாதங்கள் பலவீனம் இருக்கலாம்.

எப்போது செய்வது?

மார்பகத்தை அகற்றும்போதே செய்யலாம், கீமோவும் ரேடியேஷனும் முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் செய்யலாம். உடனே செய்வதென்றால், மார்பகத் தோலைக் காப்பாற்ற முடியுமா என்பதைப் புற்றுநோய் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து முன்பே திட்டமிட வேண்டும். ரேடியேஷன் பட்ட தோல் இறுகிப் போவதால் அங்கே இம்ப்ளாண்ட்டில் சிக்கல் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குச் சொந்தத் திசு முறையே பொருத்தமாக இருக்கலாம். "எனக்கு ரேடியேஷன் வேண்டியிருக்குமா?" என்று கேட்காமல் எந்த முறைக்கும் சம்மதிக்காதீர்கள்.

பல வருடங்களுக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்ட சகோதரிகளும் இப்போது கேட்கலாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

சீரமைத்த மார்பகத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும், கவனம் தேவை. அதில் தாய்ப்பால் சுரக்காது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் காயம் ஆறுவது கடினம். ஒரே ஆபரேஷனில் எல்லாம் முடியும் என்றும் எண்ண வேண்டாம்.

சீரமைப்பு செய்துகொள்வதால் புற்றுநோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகரிப்பதில்லை. ஆனாலும் தொடர் பரிசோதனைகளுக்குத் தவறாமல் போக வேண்டும்.

ஹயாவும் இபாதத்தும்

பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடமே போங்கள். கிடைக்காதபோது தேவையின் அளவுக்கு ஆண் டாக்டர் பார்க்க மார்க்கம் இடம் தருகிறது. உடன் ஒரு பெண் இருக்கட்டும். பிளாஸ்டிக் சர்ஜன்கள் பதிவுக்காக ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுப்பது வழக்கம். அவை எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், முகம் தெரியுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

வயிற்றில் தையல் உள்ளவர்கள் ருகூவும் சுஜூதும் முடியாத நாட்களில் உட்கார்ந்து சைகையால் தொழலாம். காயத்துக் கட்டு, இரத்தம் வடியும் குழாய் ஆகியவை இருக்கும்போது உளூ, குளிப்பின் சட்டத்தை உங்கள் மத்ஹபின்படி ஆலிமிடம் கேளுங்கள். மார்க்காம்பின் நிறத்துக்காகப் பச்சை குத்தும் முறையும் உண்டு. அதற்குச் சம்மதிக்கும் முன்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமலும் சீரமைப்பு நிறைவு பெறும்.

செலவு

சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், புற்றுநோய் ஆபரேஷனோடு சீரமைப்புக்கும் அனுமதி கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அனுமதி பெறாமல் செய்துவிட்டுப் பின்னர் பணம் கேட்பது கடினம். செயற்கை மார்பகம் வாங்க இயலாத சகோதரிகள் நம் அலுவலகத்தில் சொல்லலாம். பெண் உறுப்பினர்களே பேசுவார்கள், பெயர் வெளியே போகாது.

கணவர்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்தக் கேள்வியை நீங்களே எடுத்துக்கொடுங்கள். "உனக்கு எது மனசுக்கு நிம்மதியோ அதைச் செய்வோம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அவர் கேட்கத் தயங்கிய பத்துக் கேள்விகளுக்கு வழி திறக்கும். நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.