கெட்டதும் கெடுத்ததும்

சில ஆண்டுகட்கு முன்னர் நாம் கோவையினின்றும் காக்கநாட்டிற்குக் குடிபெயர்ந்தோம். தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் வந்து இறங்கின. பாட்டனார் காலத்துத் தேக்கு அலமாரியின் கதவு பிளந்திருந்தது. அதிற் பதித்த கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. சாமான் கொணர்ந்தவர் நீட்டிய சீட்டில், அவசரத்தில், 'ஓல்டு அல்மைரா ஸ்பாயில்டு' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பழைய அலமாரி கெட்டுவிட்டது என்பது நம் கருத்து. இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தபொழுது வந்த மறுமொழி யாது? அலமாரி பழையது என்றும், கெட்டது என்றும் தாங்களே எழுதியிருக்கின்றீர்கள். நாட்பட்ட பொருள் தானே சீர்குலைந்ததற்கு நாங்கள் பொறுப்பல்லோம் என்பதே. ஒரு சொல் செய்த வேலை அது. 'டேமேஜ்டு இன் டிரான்சிட்', அஃதாவது 'கொண்டுவருகையிற் சேதமுற்றது' என மூன்று சொற்கள் எழுதியிருப்பின் வழக்கு வேறாகியிருக்கும்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஆங்கிலமே அலுவல் மொழியாக வாய்த்திருக்கிறது. வீட்டுக்காரருக்கும், காப்பீட்டு நிறுவனத்திற்கும், பள்ளிக்கும் அம்மொழியிலேயே எழுதுகின்றோம். ஆனால் பால் முதற் குளிர்ப்பெட்டி வரை எது கெட்டாலும் 'ஸ்பாயில்' என்னும் ஒரே சொல்லையே எடுத்தாளுகின்றோம். இப்பழக்கம் நம்மிடம் எங்ஙனம் வந்தது என்பது வியப்பே. ஏனெனில், கேட்டிற்குச் சொல் வகுப்பதில் தமிழ் எம்மொழிக்கும் இளைத்ததன்று.

நம் தாய்மார் பேச்சைச் சற்றுச் செவிகொடுத்துக் கேளுங்கள். பால் திரியும், மோர் புளிக்கும், குழம்பு ஊசும், பழம் அழுகும், எண்ணெய் சிக்கு வாடை வீசும், ஊறுகாய் பூசணம் பூக்கும், அப்பளம் நமத்துப்போகும். மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், துணி இற்றுப்போகும், ஏடு செல்லரிக்கும். இவற்றுள் ஒன்றின் வினையை மற்றொன்றிற்கு இடுவார் இல்லை. பால் உளுத்தது என்று குழந்தையும் சொல்லாது.

ஆங்கிலத்திலும் இத்தகைய பகுப்பு உண்டு. உண்பொருள் கெடுவது 'ஸ்பாயில்', அழுகுவது 'ராட்', ரொட்டி நாட்பட்டு வறள்வது 'ஸ்டேல்', பால் புளிப்பது 'சவர்', நெய்யும் எண்ணெயும் சிக்கு நாறுவது 'ரேன்சிட்'. பொருளின் மதிப்போ பயனோ குன்றுமாறு நேரும் ஊறு 'டேமேஜ்'. உயிருள்ள உடலுக்கு நேருவது 'இன்ஜுரி'. கண்பார்வையும் செவிப்புலனும் மங்குவது 'இம்பேர்'. சுவரிலும் சிலையிலும் கிறுக்கி அழகைக் குலைப்பது 'டிஃபேஸ்'. பூட்டிலோ பத்திரத்திலோ களவாகக் கைவைப்பது 'டேம்பர்'. கணிப்பொறிக் கோப்பும் அதிகாரியின் நெஞ்சும் கெடுவதற்கு மட்டும் 'கரப்ட்' என ஒரே சொல்லை வைத்திருக்கின்றனர். உடைத்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரினின்றும் பிறந்தது அது.

சில சொற்களின் பிறப்பு வரலாறு சுவையானது. 'ஸ்பாயில்' என்பதன் மூலமாகிய இலத்தீன் சொல் விலங்கினின்றும் உரித்த தோலையும், வீழ்ந்த பகைவனிடமிருந்து கவர்ந்த படைக்கலத்தையும் குறித்தது. கொள்ளை என்ற பொருள் தேய்ந்து, இன்று சோற்றுப் பானையில் வந்து நிற்கிறது. கி.பி. 455இல் உரோமாபுரியைச் சூறையாடிய வாண்டல் என்னும் இனத்தாரின் பெயரைக்கொண்டு, 1794இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி கிரெகுவார், கலைச்செல்வங்களை அழிக்கும் கொடுமைக்கு 'வாண்டலிசம்' என்று பெயரிட்டார். இன்று பேருந்து இருக்கையைக் கிழிக்கும் சிறுவனும் அப்பெயருக்கு உரியவனாகின்றான்.

நிற்க. இச்சொல்லாராய்ச்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காயலுக்கு அப்பாலுள்ள மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலேயே ஒரு சொல் மூட்டைமேல் எழுதப்பட்டு நமக்காகக் காத்திருக்கிறது. ஏற்றுமதி மிளகின் தரத்திற்கு 'மலபார் கார்பிள்டு' என்று பெயர். இன்றைய ஆங்கிலத்தில் 'கார்பிள்' என்றால் செய்தியைக் குழப்பிச் சிதைத்தல். நல்ல மிளகிற்கா இப்பெயர் என நாம் முதலில் மயங்கினோம். உண்மை யாதெனின், அச்சொல் சல்லடையிற் சலித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்றும் வணிகர் வாயிலாக ஐரோப்பா சென்றது. தூசும் காம்பும் பதரும் நீக்கிச் சலித்த மிளகே 'கார்பிள்டு'. வேண்டியதை மட்டும் பொறுக்கி, ஏனையதை மறைத்துச் செய்தி சொல்வோர் பெருகவே, சலித்தல் சிதைத்தலாயிற்று. மிளகு மூட்டை மட்டும் பழைய பொருளை இன்றளவும் காத்து நிற்கிறது.

இதற்கு எதிர்வழி சென்ற சொல்லும் ஒன்றுண்டு. நம் பிள்ளைகள் கணக்கில் 'ஆவரேஜ்' காண்கின்றார்களே, அச்சராசரிக்கு மூலம் பழுதுற்ற சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல்லாம். புயலிற் கப்பலைக் காக்கச் சில மூட்டைகளைக் கடலில் எறிந்தால், அந்நட்டத்தைக் கப்பலுக்கும் சரக்கிற்கும் உரியோர் அனைவரும் அவரவர் மதிப்பிற்கேற்பப் பகிர்ந்துகொள்வது கடல்வணிக மரபு. சேதத்தைக் குறித்த சொல், சேதத்தைப் பங்கிடுதலைக் குறித்து, இறுதியிற் சராசரியாயிற்று. கடற்காப்பீட்டில் பழைய பொருள் இன்றும் வழங்குகிறது.

அக்காப்பீட்டுச் சட்டத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 1963ஆம் ஆண்டின் இந்தியக் கடற்காப்பீட்டுச் சட்டம், 55ஆம் பிரிவில், பத்திரம் வேறு விதமாகக் கூறினாலன்றி, வழக்கமான தேய்மானம், வழக்கமான கசிவும் உடைவும், பொருளின் இயல்பான குறை, எலி முதலியவற்றின் அரிப்பு ஆகியவற்றிற்கு ஈடு இல்லை என்கிறது. ஈரமிருந்த மிளகு தன் ஈரத்தாலேயே பூசணம் பூத்தால் அஃது இயல்பான குறை. கடல்நீர் புகுந்து பூசணம் பூத்தால் அது சேதம். பூசணம் ஒன்றே, காரணம் வேறு. லாரியிற் செல்லும் வீட்டுச் சாமான்களுக்குரிய பத்திரங்களிலும் பெரும்பாலும் இத்தகைய விலக்குகளே காணப்படும். நம் அலமாரி தோற்றது இவ்விடத்திலேதான்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. கெட்டது, கெடுத்தது, உடைந்தது, உடைத்தது, சிதைந்தது, சிதைத்தது எனத் தன்வினையையும் பிறவினையையும் நாம் பிரித்தே பேசுகின்றோம். ஆங்கிலத்தில் 'ஸ்பாயில்', 'பிரேக்' என்பன இரண்டிற்கும் பொது. ஆதலால் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுங்கால், தானே கெட்டதா, பிறரோ பிறிதொன்றோ கெடுத்ததா என்பதைத் தனியே எடுத்துரைத்தல் வேண்டும்.

ஊர்ப்பொதுவான கேட்டிற்கும் இது பொருந்தும். 2023 மார்ச்சு 2ஆம் நாள் காக்கநாட்டிற்கு அண்மையிலுள்ள பிரம்மபுரம் குப்பைமேட்டில் தீப்பற்றியது. பத்து நாட்களுக்கு மேல் புகை நகரைச் சூழ்ந்தது. கதவடைத்து உள்ளேயிருந்த நாம், காற்று கெட்டுவிட்டது என்றே பேசிக்கொண்டோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமோ, கொச்சி மாநகராட்சி கடமை தவறியதென்று கண்டு 100 கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது. காற்று தானே கெடவில்லை, கெடுக்கப்பட்டது. 2025 மே 25ஆம் நாள் கொச்சிக்கு அப்பாற் கடலில், எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 கொள்கலங்களுடன் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் உயிர் பிழைத்தனர். பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. அங்கும் கேள்வி அதுவே: கெடுத்தது யார், ஈடு செய்வது யார்?

ஆகவே அன்பர்கட்கு நாம் கூறுவது இது. சாமான் வந்திறங்கினால், பார்த்த பின்னரே கையொப்பமிடுக. எப்பொருள், எவ்விடத்தில், எவ்வாறு பழுதுற்றது என்று எழுதுக: கதவு பிளந்தது, கண்ணாடி உடைந்தது, மெத்தை நனைந்தது என்றவாறு. ஏற்றும்பொழுது நன்றாயிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுக. இருநிலையிலும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்க. 'ஓல்டு', 'ஸ்பாயில்டு' என்னும் இரு சொற்களையும் அச்சீட்டில் தவிர்த்துவிடுக.

மற்றொன்றும் உண்டு. நம் மகள் அண்மையில் அடுக்களையினின்று, "அம்மா, மில்க் கேடாயி" என்று கூவினாள். ஆங்கிலமும் மலையாளமும் கைகோத்த அத்தொடரிற் குற்றம் காண்பதற்கில்லை. அவள் வளரும் ஊரின் பேச்சு அது. அவள் தாயார் கடிந்துகொள்ளாமல், "பால் திரிந்துவிட்டதா கண்ணே? கொட்டிவிடாதே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை அவளே, "அம்மா, அப்பளம் திரிந்துவிட்டது" என்றாள். நமத்துப்போயிற்று என்று திருத்தினோம். கொச்சியின் மழைக்காலத்தில் அச்சொல்லுக்கு வேலை மிகுதி. ஒரு கிழமைக்குள் பிழையின்றிச் சொல்லப் பழகிவிட்டாள்.

பிளந்த கதவைத் தச்சர் ஒருவர் சீராக்கித் தந்தார். கண்ணாடி இருந்த இடத்தில் இப்பொழுது பலகை இருக்கிறது. அதனுள்ளே ஆங்கில அகராதி ஒன்றும் தமிழ் அகராதி ஒன்றும் அருகருகே வைத்திருக்கின்றோம்.