மனத்துள் ஒலிக்கும் தமிழ்

நூலை வாய்விட்டுப் படிப்பது ஒரு வகை. வாய் திறவாது கண்ணால் மட்டும் படிப்பது மற்றொரு வகை. பின்னதை ஓசையற்ற வாசிப்பு என்கிறோம். ஆயினும் அது முற்றிலும் ஓசையற்றதன்று. கண் வரியின்மீது செல்லச் செல்ல, யாரோ அதனை உள்ளிருந்து சொல்லி வருவதுபோல் நம்மில் பலருக்குத் தோன்றும். உதடு அசையாதபோதும் குரல்வளைத் தசைகளில் நுண்ணிய அசைவு நிகழக்கூடும் என்பதைக் கருவிகள் காட்டியுள்ளன. சிலருக்கு அக்குரல் தெளிவாகக் கேட்கும், சிலருக்கு மங்கலாயிருக்கும், அறவே கேளாதாரும் உளர்.

அக்குரல் எந்த ஊர்க்குரல் என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

2011-ஆம் ஆண்டில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூத் ஃபிலிக், எம்மா பார்பர் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். இங்கிலாந்தின் வடபகுதியாரும் தென்பகுதியாரும் சில சொற்களின் உயிரொலியை வேறுவேறாக உச்சரிப்பர். ஒரு சாரார் குறுக்குவர், மற்றவர் நீட்டுவர். ஆகவே ஒருவர் வாயில் இயைபுறும் இரு சொற்கள் மற்றவர் வாயில் இயையமாட்டா. இத்தகைய சொற்களில் முடியும் ஐந்தடி வேடிக்கைப் பாட்டுக்களை இரு சாராரும் மௌனமாகப் படித்தபோது, அவர்தம் கண்ணசைவுகள் பதிவு செய்யப்பட்டன. தத்தம் உச்சரிப்பில் இயைபு கெட்ட இடத்தில் கண்ணின் ஓட்டம் தடைப்பட்டது. வாய் மூடியிருப்பினும், அவரவர் தம் ஊர்க்குரலிலேயே படித்தனர் என்பது இதனால் விளங்கிற்று.

தமிழருக்கு இது வியப்பன்று. 'வாழைப்பழம்' என்று அச்சிட்டிருப்பது ஒன்றே. அதனைத் தென்பாண்டிச் சீமையிற் பலர் 'வாளைப்பளம்' என்பர். சென்னையிற் சிலர் 'வாயப்பயம்' என்பர். எழுத்து சொல்லைத் தருகிறது; தொனியைப் படிப்பவரே தருகிறார். பல திசைகளின் வழக்கைப் பழந்தமிழ் இலக்கணமும் புறக்கணிக்கவில்லை. சொற்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், திசைச்சொல்லுக்கும் அவற்றுள் ஓரிடம் அளித்தார்.

கதை மாந்தர் நேரே பேசும் இடங்களில் இவ்வுட்குரல் இன்னும் வலுப்பெறுகிறது. மாந்தர் குரலை இனங்காணும் மூளைப் பகுதிகள், ஒருவர் கூற்றைப் பிறர் எடுத்துரைக்கும் வரிகளைக் காட்டிலும் நேர்க்கூற்று வரிகளைப் படிக்கும்போது மிகுதியாக இயங்குகின்றன என்று 2011-இல் கிளாஸ்கோ ஆய்வாளர் கண்டனர். கொங்குப் பேச்சைக் கையாண்ட ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலையோ, கரிசற்காட்டுப் பேச்சில் கி. ராஜநாராயணன் எழுதிய கதைகளையோ படிக்கும்போது, முன்பு செவியிற் கேட்ட குரல்களையே மனம் அம்மாந்தருக்கு அளிக்கிறது.

இவ்வகையில் மும்பைத் தமிழர் பேறு பெற்றவர். தாராவியில் நெல்லைச் சீமைக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தஞ்சைத் தமிழும் பாலக்காட்டுத் தமிழும் கேட்கும். 'ஏலே' என்பதும், 'அங்கிட்டு' என்பதும், 'ஏனுங்க' என்பதும் இங்கே ஒரே மாநகரில் செவிக்கு எட்டுகின்றன. சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் இத்தனை குரல்கள் எளிதிற் கிட்டியிரா.

ஆனால் இங்கே பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. தேவநாகரி எழுத்தில் மராத்தியும் இந்தியும் கற்ற குழந்தைக்கு, ஒலிக்கு ஓர் எழுத்து என்பதே பழக்கம். தமிழிலோ ககரம் ஒன்றே. 'கடல்', 'பகல்', 'தங்கம்' என்னும் மூன்று சொற்களிலும் அது மூன்று விதமாக ஒலிக்கிறது. தங்கம் என்ற சொல்லை வீட்டிற் கேட்டு வளர்ந்த குழந்தை, விதி எதுவும் அறியாமலே சரியாகப் படிக்கும். கேளாத குழந்தை அந்த எழுத்தின்முன் தயங்கி நிற்கும். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. அதனையும் குழந்தை செவிவழியாகவே பெறவேண்டும். எழுத்துக்களை ஒருமாதத்தில் கற்பித்துவிடலாம். அவற்றுக்கு உயிர் தரும் குரலை அச்செழுத்தால் மட்டும் கற்பிக்க இயலாது.

ஆதலின், வீட்டில் முதியோர் ஒருவர் நாள்தோறும் ஒரு பக்கமேனும் வாய்விட்டுப் படிப்பது நன்று. குழந்தை அருகிலிருந்து, படிக்கும் வரிகளைக் கண்ணால் தொடர்ந்து வரட்டும். பாட்டியார் நெல்லைத் தொனியில் படித்தால் அது குறையன்று. ழகரத்தைத் திருத்துவது வேறு. வட்டாரத் தொனியை இகழ்வது வேறு. இகழப்பட்ட தொனியைக் குழந்தை விரைவில் கைவிடும். அதன் இடத்தில் வேறொரு தமிழ்க்குரல் தானாக வந்து அமர்ந்துவிடாது. பின்னாளில் அக்குழந்தை தனித்திருந்து ஒரு தமிழ் நூலைத் திறக்கும்போது, பக்கத்திலிருந்து பேசும் குரல் ஒன்று இருக்குமா, வெறும் கோடுகளும் சுழிகளும் மட்டுமே இருக்குமா என்பது, இன்று நம் வீட்டில் அது கேட்பதைப் பொறுத்தது.