மொறிஸ் மைனர் கொதிப்பதேன்?

யாழ்ப்பாணத்து வீதிகளை நினைவுகூரும் எவரும் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் மறக்கமாட்டார்கள். பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு, என்ஜின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. என் தந்தையாரின் மைனர் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டு முற்றத்திலேயே விடப்பட்டது. திரும்பிச் சென்றபோது அது அங்கில்லை.

அக்குறை தீர, 1965ஆம் ஆண்டு மைனர் ஒன்றை இலண்டனில் வாங்கி, மூன்று ஆண்டுகளாகப் புதுப்பித்து வருகின்றேன். இருபது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டி. வரும் ஆவணியில் நடைபெறவுள்ள தன் திருமணத்துக்கு அதிலேயே செல்லவேண்டும் என்பது மகளின் விருப்பம். ஆனால் சித்திரையில் முதன்முறையாக நெடுஞ்சாலையில் ஏறிய பதினைந்தாவது நிமிடத்தில் வண்டி ஆவி கக்கி நின்றது. அன்று தொட்டு நான் கற்றவை, பழைய வண்டி வைத்திருக்கும் நம்மவர்க்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

சூட்டில் மூடியைத் திறவாதீர்

பதற்றத்தில் நான் செய்த முதற்பிழை, றேடியேற்றர் மூடியைத் திறந்தமை. அதன் வடு இன்றும் என் மணிக்கட்டில் உண்டு. இந்த 1098 சீசீ என்ஜினுக்குரிய மூடி, சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கி நிற்பது. அவ்வமுக்கத்தில் நீர் 100 பாகையிலன்றி, ஏறத்தாழ 111 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அமுக்கம் நீங்க, நீர் கணப்பொழுதில் ஆவியாகிச் சீறிப் பாய்கின்றது. ஆகவே அரை மணிநேரமாவது ஆறவிடுங்கள். சூடான என்ஜினில் குளிர்நீரை ஊற்றுவதும் ஆகாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடக்கூடும். கொதிப்பைத் தடுக்கலாமென எண்ணி, இன்றைய கார்களுக்குரிய கூடிய அமுக்க மூடியை இடுவதும் தவறு. பழைய குழாய்களும் ஈயப்பற்றுகளும் அதனைத் தாங்கா.

எப்பொழுது கொதிக்கின்றது?

"புது றேடியேற்றர் வாங்குங்கள்" என்றே பலரும் ஆலோசனை கூறினர். ஊரில் கராஜ் நடத்திய நண்பர் ஒருவர் மட்டும் வேறுவிதமாகக் கேட்டார்: "மாஸ்ரர், எந்த நேரத்திலை கொதிக்குது எண்டு முதல் சொல்லுங்கோ. காசு செலவில்லாத வேலையளை முதலிலை பாப்பம்."

அக்கேள்வியிலேயே பாதி விடை உண்டு. நெரிசலில் மெதுவாக ஊரும்போது மட்டும் கொதித்தால் காற்றோட்டமே குறை. விசிறிப் பட்டியைப் பாருங்கள். விரலால் அழுத்தும்போது அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை அசையலாம். அதற்கு மேல் தளர்ந்திருத்தல் ஆகாது. வேகமாக ஓடும்போதோ மேட்டில் ஏறும்போதோ கொதித்தால் நீரோட்டத்தில் தடை உண்டென்க. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கொதித்தால் தேர்மோஸ்ற்ராற் மூடியபடி சிக்கியிருக்கலாம். அன்றேல் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். எரிபற்றும் நேரம் பிந்தியிருந்தாலும் என்ஜின் சூடேறும் என்பதையும் மறத்தலாகாது.

தேர்மோஸ்ற்ராற்றைச் சோதிப்பது சமையலறை வேலை. பாத்திரத்தின் அடியில் தொடாதபடி நூலிற் கட்டி நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 பாகைக்குரியது அவ்வளவில் திறக்கத் தொடங்க வேண்டும். எங்கள் ஊர்க் கராஜ்களில் அதனைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் இருந்தது. குளிர்நாட்டில் அவ்வாறு செய்தால் என்ஜின் உரிய சூட்டை எட்டாது தேய்ந்துவிடும்.

ஹெட் கஸ்கற் பழுதாயின் றேடியேற்றர் நீரில் குமிழிகள் ஓயாது எழும். எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடை போன்ற படிவு காணப்படும். எமது வண்டியில் இவை இல்லை. நீர்ப்பம்புக்கு மேலுள்ள சிறிய இணைப்புக் குழாயையும் பார்த்தோம். இவ்வகை என்ஜினில் அடிக்கடி ஒழுகும் இடம் அது. கை நுழையாத மூலையில் இருப்பதால் பலரும் கவனிப்பதில்லை. அதுவும் நன்றாகவே இருந்தது.

அடியிற் படிந்த சேறு

எமது வண்டி நகருக்குள் ஒழுங்காக ஓடியது. வேகத்தில் மட்டுமே கொதித்தது. எனவே நீரோட்டத்தை நோக்கினோம். றேடியேற்றரின் முகப்பைத் தடவியபோது சூடு எங்கும் சீராக இருந்தது. இடையிடையே குளிர்ந்திருந்தால் அங்கு அடைப்பு உண்டென்று பொருள். என்ஜின் ஆறியபின், அதன் பின்புறத்திலுள்ள வடிகுழாயைத் திறந்தார் நண்பர். ஒரு துளி நீரும் வரவில்லை. கம்பியால் குத்தியபின் கபில நிறச் சேறு மெல்லக் கசிந்தது.

காரணம் எளிது. வெறும் நீருடன் இருபது ஆண்டுகள் கிடந்ததில் இரும்பு துருவேறி, நான்காவது சிலிண்டரைச் சூழப் படிந்துவிட்டது. பக்கத்து அடைப்புத் தகட்டைக் கழற்றி, சேற்றைச் சுரண்டி, நீரோட்டத்தின் எதிர்த்திசையில் குழாய்நீரைப் பாய்ச்சினோம். தெளிந்த நீர் வர ஒரு பிற்பகல் கழிந்தது. புதிய தகடும் குழாய்களும் பொருத்தினோம். புது றேடியேற்றர் வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், நோயும் தீர்ந்திராது.

இனி வெறும் நீர் ஊற்றுவதில்லை என உறுதி கொண்டோம். எதிலீன் கிளைக்கோல் சேர்ந்த, பழைய வண்டிகளுக்குரிய நீலநிற அன்ரிபிறீசைச் சரிபாதி நீருடன் கலந்து இட்டுள்ளோம். அது துருவைத் தடுப்பதோடு, குளிர்காலத்தில் நீர் உறைந்து விரிந்து என்ஜினைப் பிளக்காமலும் காக்கும். ஆனால் அது இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மைனரில் வெப்பமானி இல்லையாதலால் தனியாக ஒன்றும் பொருத்தினோம்.

சென்ற ஞாயிறன்று ஐம்பது மைல் ஓட்டினோம். முள் 85 பாகையைத் தாண்டவில்லை. அருகிலிருந்த மகள் வீதியைப் பார்க்காது அம்முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆவணிக்கு இன்னும் இரு மாதங்கள் உண்டு. அதற்கிடையில் மேலும் இருமுறை அந்த வடிகுழாயைத் திறந்து பார்ப்பதாக எண்ணம்.