அசதிக்கு எது மருந்து?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மருந்துக்கடை. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த பெண் ஒருவர், "ஒரே அசதியா இருக்குண்ணா, சத்து மாத்திரை ஏதாவது குடுங்க" என்கிறார். கடைக்காரர் மல்டிவிட்டமின் அட்டை ஒன்றை எடுத்து நீட்டுகிறார். ரத்தம் பரிசோதித்தீர்களா என்ற பேச்சே அங்கே எழவில்லை.

அந்தப் பெண்ணின் பையில் காலையில் கட்டிய டிபன் பாக்ஸ். சோறும் ஊறுகாயும்தான் அதில் இருந்திருக்கும். சாப்பிட்ட கையோடு ஒரு டீ. உணவிலிருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுப்பது அந்த டீதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதற்கு மல்டிவிட்டமின் போதாது. பலவற்றில் இரும்புச்சத்து பேருக்குத்தான் இருக்கிறது.

அதே கடை அலமாரியில் புரோட்டீன் பவுடர் டப்பாக்கள். ஆவடி, பூந்தமல்லி ஜிம்களுக்குப் போகும் இளைஞர்கள் சம்பளத்தில் பெரும்பங்கை இதற்குக் கொட்டுவதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். மிச்சத்தைப் பருப்பும் சுண்டலும் தயிரும் மீனும் பார்த்துக்கொள்ளும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடம்பை ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? வேண்டும், தேவைப்படுகிறவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கு 180 நாள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை அவசியம். முட்டை, பால்கூடத் தொடாதவர்களுக்கு பி12 வேண்டும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் முற்றிய ரத்தசோகையைக் கீரை மட்டும் சரிசெய்யாது. வேதனை என்னவென்றால், பள்ளியில் வாரம் ஒன்று இலவசமாகத் தரும் நீல மாத்திரையை, வயிறு பிரட்டுகிறது என்று தூக்கி எறிகிற பிள்ளைகள் உண்டு. சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை குறையும். மாத்திரையோடு டீ மட்டும் கூடாது.

அசதியாக இருக்கிறதா? மருந்துக்கடைக்கு முன்னால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனை அங்கே இலவசம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்கான மாத்திரையையும் அங்கேயே காசில்லாமல் தருவார்கள்.