முதுமலைக்குச் சிக்கனமாகப் போக இன்டர்நெட்

கோடை விடுமுறையில் அம்மாவை முதுமலை தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போக விரும்பினேன். தேடு தளத்தில் தங்கும் விடுதி என்று டைப் செய்து என்டர் தட்டினேன். முதலில் வந்த தளத்தைக் கிளிக் செய்தால் யானைப் படங்கள், அரசு முத்திரை எல்லாம் இருந்தன. நம்பி 4,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். ரசீது வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. ஏமாந்தது புரிந்து புகார் செய்வதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. பணம் போனது போனதுதான்.

அதன் பிறகு நான் தெரிந்து கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முகவரியைப் படியுங்கள்: தேடல் முடிவில் ஸ்பான்சர்டு என்று இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பிரவுசரில் தெரியும் பூட்டுப் படம், நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. தளத்தை நடத்துபவர் நாணயமானவர் என்று சொல்வதில்லை. ஜிஓவி டாட் இன், என்ஐசி டாட் இன் என முடியும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் எல்லா அரசுத் தளங்களும் இப்படி முடிவதில்லை. இ-பாஸ் தளமே டாட் ஓஆர்ஜி என்றுதான் முடிகிறது. எனவே முதலில் நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் தளத்தையோ தமிழக வனத்துறையின் தளத்தையோ திறந்து, அங்குள்ள இணைப்புகள் வழியாகச் செல்லுங்கள். பணம் கட்டும்போது தனிநபர் பெயர் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இ-பாஸ் இலவசம்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

காருக்குப் பதில் பஸ்: ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூர் செல்லும் சாலை முதுமலைக் காட்டின் ஊடே போகிறது. அந்த வழி பஸ்ஸில் ஏறி தெப்பக்காட்டில் இறங்கலாம். யானைகள் முகாம் அங்கேதான் உள்ளது. காட்டுக்குள் சுற்றிக் காட்ட வனத்துறையே வாகனம் விடுகிறது. இரவு 9 முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அதற்கேற்பத் திட்டமிடுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் பூங்காவை மூடுவதும் உண்டு என்பதால், கிளம்பும் முன் வனத்துறைக்கு ஒரு போன் செய்து விடுங்கள்.

மேப்பை டவுன்லோட் செய்யுங்கள்: காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. வீட்டிலேயே கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் பிரிவுக்குப் போய், ஊட்டி முதல் முதுமலை வரை கட்டத்துக்குள் அடக்கி டவுன்லோட் கொடுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக் கோளிலிருந்து நேரடியாக வருவதால் சிக்னல் இல்லாமலும் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும்.

ஏமாந்துவிட்டால் அடுத்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் வேறு கணக்குக்குக் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. நான் கோட்டை விட்டது இங்கேதான்.

அடுத்த ஆண்டு அம்மாவும் நானும் அரசு பஸ்ஸில் போனோம். முகாமில் யானைக்கு ராகி உருண்டை ஊட்டுவதை அம்மா அரை மணி நேரம் நின்று பார்த்தார். இரண்டு நாள் பயணத்தின் மொத்தச் செலவும், முந்தைய ஆண்டு நான் ஏமாந்த தொகையைத் தாண்டவில்லை.