கூடிப் பேசிச் சொல்கிறோம்

2020 டிசம்பர் 1. டெல்லி விஞ்ஞான் பவனில் முப்பதுக்கும் மேற்பட்ட விவசாயச் சங்கத் தலைவர்கள். எதிரே மத்திய அமைச்சர்கள். நாலைந்து பேர் கொண்ட சிறு குழு போதுமே, அதோடு பேசலாமே என்றது அரசு. ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசினால் எல்லாச் சங்கத்தோடும் பேசுங்கள் என்றார்கள். விவசாயிகள் போராட்டத்தின் உயிர் அந்தப் பிடிவாதத்தில்தான் இருந்தது என்பேன். நாலு பேரைப் பிரிப்பது சுலபம். நாற்பது சங்கங்களைப் பிரிப்பது அப்படியல்ல.

மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிராக டெல்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் டிராக்டர்களோடு உட்கார்ந்தவர்கள் ஒரே கொடியின் கீழ் வந்தவர்கள் அல்லர். அவர்களின் கூட்டமைப்பான சம்யுக்த கிசான் மோர்ச்சாவில் இடதுசாரியும் உண்டு, இடதுசாரி என்றாலே முகம் சுளிப்பவரும் உண்டு. பஞ்சாபின் 32 சங்கங்கள் முதலில் தங்களுக்குள் பேசின. பிறகு பொதுக்கூட்டம். அங்கே முடிவானதைத்தான் தலைவர்கள் வெளியில் சொன்னார்கள்.

2021 ஜனவரி 20 அன்று, சட்டங்களை 18 மாதம் நிறுத்திவைக்கிறோம் என்று அரசு இறங்கி வந்தது. சின்ன விஷயமல்ல. ஆனாலும் மண்டபத்திலேயே தலையாட்ட எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இல்லை. கூடிப் பேசிச் சொல்கிறோம் என்று சிங்குவுக்குத் திரும்பினார்கள். மறுநாள் நெடுநேர விவாதத்துக்குப் பின் நிராகரித்தார்கள். அது சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். யாரோ ஒருவர் எடுத்த முடிவு என்று மட்டும் சொல்ல முடியாது.

இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. ஜனவரி 26 டிராக்டர் பேரணியில் ஒரு பிரிவினர் பாதை மாறி டெல்லிச் செங்கோட்டைக்குப் போனார்கள். கூட்டு முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அதைவிட என்னை உறுத்துவது இது: லங்கர் எனும் பொதுச் சமையற்கூடத்திலும் மேடையிலும் பெண்கள் திரளாக நின்றார்கள், பேச்சுவார்த்தை மேசையிலோ செயற்பாட்டாளர் கவிதா குருகந்தி ஒருவர்தான்.

ஆனாலும் கூடிப் பேசுவது நிற்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 22 அன்று டெல்லி ஜந்தர் மந்தரில் 'கிசான் சன்சத்' (விவசாயிகள் நாடாளுமன்றம்) கூடியது. நாளொன்றுக்கு 200 விவசாயிகள். சபாநாயகர் உண்டு, கேள்வி நேரம் உண்டு. சரியான பதில் தர முடியாத 'வேளாண் அமைச்சர்' ராஜினாமா செய்தார். ஜூலை 26 சபை முழுக்கப் பெண்களுடையது. வெயிலிலும் மழையிலும் அந்தச் சட்டங்களை அலசினார்கள்.

கூப்பிடு தூரத்தில் இருந்த நிஜ நாடாளுமன்றம் என்ன செய்தது? 2020 செப்டம்பரில், வாக்கெடுப்பு கேட்ட எதிர்க்கட்சிகளை மீறி, மாநிலங்களவையில் குரல் ஓட்டில் மசோதாக்கள் நிறைவேறின. 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் இரு அவைகளிலும் விவாதமின்றி நிறைவேறியது.