ஆற்றுப் படகில் ஒரு நாள்

அப்புத்தளையிலிருந்து எங்கள் மகளிர் குழு வெலிமடை, நுவரெலியா, அட்டன் வழியாகக் கித்துல்கல சென்றது. களனி கங்கையில், வழிகாட்டியோடு, காற்றடைத்த இறப்பர்ப் படகில் சுமார் 5 கிலோமீற்றர் பயணம்.

பலருக்கு நீச்சல் தெரியாது. முதலில் கரையில் பயிற்சி. உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை இறுக்க வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. தவறி விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். பெருமழை நாட்களில் இறங்கவே கூடாது.

"தண்ணியைக் கண்டாலே பயம், பிள்ளை" என்ற முல்லைத்தீவு அக்கா, கரையிலிருந்து பயிற்சியை முழுவதும் பார்த்துவிட்டுத் தாமாகவே ஏறினார். இருவர் ஏறவில்லை; நாங்கள் வற்புறுத்தவில்லை.

சகோதரிகளே, போரில் ஓடும் திசையைக்கூட நாம் தீர்மானிக்கவில்லை. ஏறுவதா, கரையில் இருப்பதா என்று அன்று அவரவரே தீர்மானித்தோம்.